அக்கோர்ட் என்றால்

“பயப்படாத தம்பி. கொழும்பு ஐயாவுக்குத் தமிழ்ல ஒரு சொல்லும் வெளங்காது. நான் சொல்லித் தந்ததை மட்டும் கேளு, போதும்” என்றார் பெரிய கிளாக்கர் இராசையா. அந்தக் கொழும்பு அதிகாரி எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, சத்தமாகச் சொன்னார்.

ஷுக்ரி தலையாட்டினான். பதுளையிலிருந்து மலையேறினால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் அது. 1969, ஐப்பசி மழை. இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போக விரும்புகிறவர்கள் என்று தோட்டம் பெயர் கொடுத்த ஆட்களை நேரில் விசாரிக்க வந்திருந்தார் அதிகாரி.

விரும்பினவர்கள் யாருமில்லை. வேலைநிறுத்தத்தில் முன்னுக்கு நின்றவர்களாகப் பார்த்துப் பெயர் கொடுத்திருந்தார் கிளாக்கர். தோட்டத்து ஆள் மொழிபெயர்க்கக் கூடாது என்பதால் பதுளைக் கடைத்தெருவிலிருந்து ஷுக்ரியை ஜீப்பில் ஏற்றிவந்ததும் அவர்தான்.

முதலில் தம்பையா வந்து நின்றார். “ஓன் அக்கோர்டில் போகிறாரா என்று கேள்” என்றார் அதிகாரி ஆங்கிலத்தில்.

பள்ளியில் ‘கோர்ட்’ என்று முடியும் ஆங்கிலச் சொற்களை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தவன் ஷுக்ரி. வெறும் கோர்ட் (cord) என்றால் கயிறு. நடுவே ‘எச்’ என்ற எழுத்துச் சேர்ந்தால் சேர்ந்தொலிக்கும் சுரங்கள். டிஸ்கோர்ட் பிணக்கு, அக்கோர்ட் இணக்கம். அக்கோர்ட் ஒப்பந்தமும்தான். ஆனால் ‘ஓன்’ முன்னால் வந்தால் அது சொந்த மனசு.

கிளாக்கர் சொல்லித் தந்ததோ வேறு. “ஒப்பந்தப்படி போறீங்களா?” என்று அப்படியே கேட்டான் ஷுக்ரி.

“ஆமாங்க. ரெண்டு கவர்மெண்டும் ஒப்பந்தம் போட்டுருச்சே. நாம என்னத்த சொல்றது?” என்றார் தம்பையா.

“யெஸ், சேர்” என்றான் ஷுக்ரி. தம்பையா கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு ஷுக்ரியின் நெஞ்சை அறுத்தது.

அடுத்துப் பெரியாயி. கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, மழைக்குத் தலையில் போர்த்திய ஈரக் கொங்காணியோடு உள்ளே வந்தாள். வந்ததும் அவள் கண் மேசைக்கடியில் போனது.

“அய்யா காலுல அட்ட ஏறுது, பாருங்க.”

ஷுக்ரி வாயைத் திறப்பதற்குள் அதிகாரி குனிந்து காலுறையிலிருந்து அட்டையைச் சுண்டிவிட்டார். பிறகு அதே கேள்வியைக் கேட்டார்.

ஷுக்ரி பெரியாயியைப் பார்த்தான். ஒப்பந்தம் என்று மறுபடியும் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை.

“என்னடா முழிக்கிற? அக்கோர்ட்னா ஒப்பந்தம். கேளு!” என்றார் கிளாக்கர்.

“அக்கோர்ட்னா ஒப்பந்தம்தான் ஐயா. ஓன் அக்கோர்ட்னா சொந்த விருப்பம். நான் அதத்தான் கேக்கப் போறேன்.”

“கேட்டுப் பாரு! உன் வாப்பா ஜுனைதீன் கடையில இருந்து இந்தத் தோட்டத்துக்கு நாளைக்கு ஒரு மூட்டை அரிசி வராது. கடைய இழுத்து மூட வச்சிருவேன்.”

ஷுக்ரி பெரியாயியின் பக்கம் திரும்பினான்.

“அம்மா, ஒங்க சொந்த விருப்பத்துல இந்தியாவுக்குப் போறீங்களா? யாருக்கும் பயப்படாம சொல்லுங்க.”

“நானா?” பெரியாயி கொங்காணியை உதறினாள். “எங்கப்பனப் பொதச்சது இந்த மலையில. எம் புள்ளயப் பெத்தது அந்த லயத்து வீட்டுல. என்னைக் கப்பல்ல ஏத்தணும்னா கையக் காலக் கட்டித்தான் ஏத்தணும். போகமாட்டேன்! தம்பி, இத ஒரு எழுத்து விடாம சொல்லு.”

ஒரு எழுத்து விடாமல் சொன்னான் ஷுக்ரி. தம்பையாவிடம் தப்பாகக் கேட்டதையும் ஆங்கிலத்தில் சேர்த்துச் சொன்னான்.

கிளாக்கர் துள்ளி எழுந்தார். “பொய், சேர்!” என்று ஆங்கிலத்தில் கத்தினார். “போகிறேன் என்றுதான் சொன்னாள். இந்தப் பயல் வேண்டுமென்றே மாற்றிச் சொல்கிறான். இருபது வருஷ சேவை எனக்கு, என்னை நம்புங்கள்!”

மூட்டை தூக்கி முதுகு வளைந்த வாப்பாவை ஷுக்ரி நினைத்துக்கொண்டான். தமிழ் தெரியாத மனிதர் யாரை நம்புவார்? ஆனாலும் அவன் பார்வையைத் தாழ்த்தவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாகத் துடைத்தார். கிளாக்கரை நேராகப் பார்த்தார்.

“அந்தம்மா போகமாட்டேன்னுதான் சொன்னாங்க, இராசையா. தம்பையாவயும் திரும்பக் கூப்பிடுங்க” என்றார், தெளிவான தமிழில்.