இவரு இல்லைங்க

“நல்லா பார்த்துச் சொல்லும்மா. அன்னிக்குச் சாயங்காலம் உங்க காலனிக்கு நெருப்பு வச்ச கூட்டத்துல இந்த ஆளு இருந்தாரா?”

அரசு வக்கீல் கை காட்டிய இடத்தில் மாரியப்பன் தலை குனிந்து நின்றிருந்தார். சசிகலா அவரை ஒரு தரம் பார்த்தாள்.

“இவரு இல்லைங்க.”

பின்வரிசையில் இருந்த கவிப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவா இப்படிச் சொல்கிறாள்?

“போலீஸ்ல குடுத்த லிஸ்ட்டுல இவரு பேரு இருக்கு. கீழே உங்க கையெழுத்து இருக்கு. இவரோட மொபட் உங்க வீட்டுப் பக்கத்துல கெடந்திருக்கு.”

“எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க, நானும் போட்டேங்க. படிச்சுப் பாக்கல.”

“சரி, இவர் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சசிகலா அதற்கு மேல் வாயைத் திறக்கவே இல்லை.

பிறழ் சாட்சி என்றார் அரசு வக்கீல். போன மாதம்தான் சட்டக் கல்லூரி வகுப்பில் கவிப்பிரியா அந்த வார்த்தையைப் படித்திருந்தாள்.

ஒரே சாயங்காலத்தில் முப்பத்தெட்டு வீடுகள். பதினான்கு வருஷம் இழுத்து இப்போதுதான் வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்திருந்தது. தீர்ப்பைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த கவிப்பிரியாவின் அப்பா, மூன்று வருஷத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது இண்டூர் பஸ்ஸில் சசிகலா பக்கத்தில் காலனி ஆட்கள் யாரும் உட்காரவில்லை. கவிப்பிரியாவும் உட்காரவில்லை.

இறங்கியதும் கொழுந்தன் முருகேஷ் வழிமறித்தான்.

“எதுக்கு அண்ணி வெல போனீங்க? அண்ணன் இருந்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பீங்களா?”

“உங்க அண்ணன் இருந்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்.”

வீட்டுக்குள் நுழைந்ததும் கவிப்பிரியா கத்தினாள். “நம்ம வூட்ட எரிச்சவங்கள விட்டுட்டு எப்படிம்மா உனக்குச் சோறு எறங்குது?”

“எரிச்சவன விடச் சொல்லல கவி. எரிக்காதவன உள்ள தள்ளுனா நம்ம நெஞ்சு ஆறிடுமா?”

“அவரு எரிக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? கோர்ட்டுல கேட்டாங்களே, சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லக் கூடாது.”

அவ்வளவுதான். தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றது. குள்ளம்மாள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எல்லா வீட்டுக்கும் வந்தது. சசிகலா வீட்டைத் தாண்டிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை, இனி ஹாஸ்டலிலேயே இருந்துகொள்வதென்று கவிப்பிரியா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். சசிகலா தடுக்கவில்லை.

தெருவில் கூச்சல் கேட்டது.

மாரியப்பன் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். அந்தத் தீக்குப் பிறகு ஊர்க்காரர் ஒருவர் காலனிக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

முருகேஷ் பாய்ந்து சட்டையைப் பிடித்தான். “எவ்ளோ தைரியம் இருந்தா இங்க வருவே?”

“அடிக்கறதுனா அப்பறமா அடிங்க. சொல்லிடறேன்.” அவருக்கு மூச்சு வாங்கியது. “இந்தம்மா கோர்ட்டுல பொய் சொல்லல. நீங்க எல்லாரும் மலைப் பக்கம் ஓடிட்டீங்க. இவங்க வூடு கடைசி வூடு, நாலு பக்கமும் பத்திக்கிச்சு. காட்டுக்குப் போயிட்டிருந்தவன், வண்டிய அங்கயே போட்டுட்டு, இந்தப் பாப்பாவத் தூக்கிட்டு ஓடுனேன். ஆத்தாளையும் மகளையும் எங்காட்டு மோட்டார் ரூமுல வச்சுப் பூட்டுனேன். தேடி வந்தவங்ககிட்ட, உள்ள யாரும் இல்லைன்னேன்.”

கவிப்பிரியா பையைக் கீழே வைத்தாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. இருட்டும், வாயைப் பொத்தியிருந்த அம்மாவின் கையும் மட்டும்தான் ஞாபகம். எங்கே ஒளிந்திருந்தோம் என்று கேட்டபோதெல்லாம், காட்டுல என்றுதான் அம்மா சொல்லியிருக்கிறாள்.

“நான் காப்பாத்துனது ஊருக்குத் தெரிஞ்சா என்னைய ஊர்ல வாழ விடமாட்டாங்கன்னு இவங்க கால்ல விழாத கொறையா கேட்டுக்கிட்டேன். இன்னி வரைக்கும் மூச்சு விடல. கூண்டுல நின்னப்பவும் விடல. நீங்க இவங்கள ஒதுக்கி வச்சிருக்கீங்கன்னு நேத்துத்தான் கேள்விப்பட்டேன்.”

முருகேஷின் பிடி தளர்ந்தது. “அண்ணி...” என்றான். சசிகலா வாசலிலேயே நின்றாள், யாரையும் பார்க்காமல்.

கவிப்பிரியா மட்டும் அவர் எதிரே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கேட்டாள்.

“எங்க உயிரக் காப்பாத்துனீங்க. மறக்க மாட்டேன். ஆனா பதினாலு வருஷமா எங்கம்மா வாய மூடிக்கிட்டு இருந்தது உங்களுக்காக. நீங்க யாருக்காக மூடிக்கிட்டு இருந்தீங்க?”

மாரியப்பன் கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“கதவு வரைக்கும் தேடி வந்தாங்கன்னு சொல்றீங்க. மொகத்துல துண்டு கட்டியிருந்தாலும் கொரல் தெரிஞ்சிருக்குமே?”

“வேணாம் கவி,” என்றாள் சசிகலா. “அவருக்கும் ஊரு வேணும்.”

“கேக்கட்டும்மா,” என்றார் அவர். “அந்தப் பேருங்கள மனசுல வச்சுக்கிட்டுத்தான் இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ உங்க தெருமொனை வரைக்கும் வந்து திரும்பிப் போனேன். இன்னிக்குத் திரும்ப மாட்டேன். கோர்ட்டுலயும் சொல்றேன்.”

“சொன்னா உங்க ஊர்க்காரங்க மேல கேஸு இன்னும் இறுகும்,” என்றாள் கவிப்பிரியா. “ஊர்ல உங்க பக்கம் ஒருத்தரும் நிக்க மாட்டாங்க.”

“தெரியும்.”

கவிப்பிரியா பையைத் திறந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எழுதிக்க சாமி. மொதப் பேரு அருள்குமாரு... எங்கூடப் பொறந்தவன்.”