எறும்புக்கு மட்டும் எப்படி?

"யார் சார் இந்த எறும்பு?"

புயல் மாதிரி உள்ளே நுழைந்தவளை ஆபரேட்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் கூடத்துக் குளிருக்கு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு திரையிலேயே கண்ணாக இருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"பட்டியலைப் பாருங்க. எனக்கு நாற்பது மெஷின். எறும்புன்னு பேர் வெச்சுக்கிட்டு எவனோ நூத்தித்தொண்ணூறு மெஷினை வளைச்சுப் போட்டிருக்கான்!"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. மலையில் காடு எரிந்துகொண்டிருந்தது. தீ ஆற்றைத் தாண்டி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு வருமா, வராதா? நாலு மணிக்குள் தீயணைப்பு அதிகாரிக்குச் சொல்லியாக வேண்டும். வரும் என்றால் எண்பது நோயாளிகளையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதில் ஒருத்தி அவளுடைய அக்கா. நேற்றுத்தான் இதயத்தில் ஆபரேஷன். அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மலையை இருநூற்று முப்பது துண்டாகப் பிரித்திருந்தாள். ஒவ்வொரு துண்டிலும் இலை எப்படிப் பற்றும், மரம் எப்படி எரியும் என்று ஒரு மெஷின் கணக்குப் போட வேண்டும். எல்லாம் வந்து சேர்ந்தால்தான் மொத்த மலையின் கதி தெரியும். ஒரு துண்டுக்கு ஒரு மணி நேரம். நாற்பது மெஷினை வைத்துக்கொண்டு எப்போது முடிப்பது? ராத்திரி ஆகிவிடும்.

"காலையில மேனேஜர்கிட்ட கெஞ்சினேன். 'ஆளுக்கு நாற்பதுதான், எல்லாருக்கும் அவசரம்தான்'னுட்டார். எறும்புக்கு மட்டும் எப்படி? உங்களுக்கு வேண்டப்பட்டவனா?"

"ஒரு அரை மணி நேரம் பொறுங்கம்மா."

"பொறுக்கறதா? மேனேஜருக்குப் புகார் எழுதிக் கொடுத்துட்டுத்தான் வரேன். மீட்டிங் முடிஞ்சதும் நேரா இங்கதான் வருவார்!"

ஆபரேட்டரின் முகம் லேசாக மாறியது. போன மாதம் இதே விதியை மீறிய ஒருவரை மேனேஜர் வேலையை விட்டே அனுப்பியிருந்தார்.

"வரட்டும்" என்றார்.

அவள் விடுவிடுவென்று தன் இடத்துக்குத் திரும்பினாள். போன் அடித்தது.

"பஸ்ஸெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குதும்மா. என்ன சொல்றீங்க?" தீயணைப்பு அதிகாரி.

"இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க சார்..."

மூன்றே முக்காலுக்குத் திரையில் விடை வந்து நின்றது. அவளால் நம்ப முடியவில்லை. இரண்டு தடவை சரிபார்த்தாள். தீ ஆற்றங்கரையிலேயே அடங்கிவிடும். ஆஸ்பத்திரிப் பக்கம் வராது.

"யாரையும் அசைக்க வேண்டாம் சார்! அவங்கவங்க கட்டில்லயே இருக்கட்டும்!"

அதிகாரி விட்ட பெருமூச்சு போனிலேயே கேட்டது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நன்றாக அழுதாள்.

அழுது முடித்ததும் பெருமை வந்துவிட்டது. நேரே ஆபரேட்டரிடம் போனாள்.

"பார்த்தீங்களா? நாற்பதை வெச்சே முடிச்சுட்டேன். நேத்து புரோகிராம்ல ஒரு குறுக்கு வழி எழுதினேன், பிரமாதமா ஓடியிருக்கு. இப்பவாவது அந்த எறும்பை நிறுத்துங்க."

"அது தானா நின்னுடுச்சும்மா."

திரையை அவள் பக்கம் திருப்பினார். எறும்பு என்பது மெஷின்களைச் சோதித்துப் பார்க்க ஆபரேட்டருக்கென்று வைத்திருக்கும் பெயர். அதற்கு மட்டும் நாற்பது என்ற வரம்பு கிடையாது. அது இன்று முடித்த வேலைகள் வரிசையாக இருந்தன.

மலை, துண்டு 41. மலை, துண்டு 42. மலை, துண்டு 43... இருநூற்று முப்பது வரை.

அத்தனையும் அவளுடைய துண்டுகள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்..."

"சொன்னா நீங்களும் மாட்டுவீங்க. எதுக்கும்மா ரெண்டு பேர்?"

கதவு படாரென்று திறந்தது. மேனேஜர். கையில் அவளுடைய புகார்.

"யார் அந்த எறும்பு? எனக்கு இப்பவே தெரியணும்!"

ஆபரேட்டர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்ல எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார்."