மலைப்பக்கத்துக் காற்று

வானத்தில் லேசர் கதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்துக் காற்றில் எந்த மரத்து மகரந்தம் எவ்வளவு மிதக்கிறது என்று சொல்வது அவள் வேலை. அவள் நிலையத்துக்குப் போன் போடுபவர்கள் எல்லாரும் தும்மலும் மூச்சிரைப்புமாக அவதிப்படுபவர்கள்தான்.

பெரியவர் ஒருவரும் தினமும் கூப்பிடுவார்.

"மலைப்பக்கம் மகரந்தம் ஏதாச்சும் தெரியுதாம்மா?"

"சுத்தமா இல்லீங்கய்யா. தைரியமா வெளியே போயிட்டு வாங்க."

"அப்படியா..." என்று அவர் குரல் தொய்ந்துபோகும். நல்ல சேதி சொன்னாலும் இப்படி ஒரு மனுஷரா என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

அன்று திரையில் மலைக்கு மேலே பெரிதாக ஒரு திட்டு. அவளே முந்திக்கொண்டு அவரை அழைத்தாள்.

"ஐயா, இன்னைக்கு வெளியே தலைகாட்டாதீங்க. மலையிலேருந்து பைன் மர மகரந்தம் கிளம்பியிருக்கு. ஜன்னலையெல்லாம் சாத்திடுங்க."

மறுமுனையில் வேகமாக மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயா! மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா... பைன்தானா? நிஜமாவா? அந்த மலை பத்தி எரிஞ்சப்போ ஒத்தை மரம் மிஞ்சலை. வனக்காவலரா இருந்து மறுபடி கன்னு வெச்சது நான்தான். இப்போ ஏறிப்போய்ப் பாக்கக் காலுல தெம்பில்ல. என் கன்னுங்க வயசுக்கு வந்துடுச்சும்மா!"

சொல்லிக்கொண்டே அவர் ஜன்னலை அகலத் திறக்கும் ஓசை போனில் கேட்டது.