வெளிச்சம் குறையாத டார்ச்

டார்ச் பிரியர்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. டார்ச்சைச் செய்தவரே அதை முழு வெளிச்சத்தில் எரியவிட்டுக் கையில் பிடித்திருக்க வேண்டும். எல்லோரும் கருத்துச் சொல்லி முடிப்பதற்குள் கீழே வைத்துவிட்டால் சங்கம் பரிந்துரைக்காது. சங்கம் பரிந்துரைக்காததை எந்தக் கடையும் வாங்காது. வேதநாயகம் செய்திருந்தது சட்டைப்பையில் அடங்கும் மலிவான டார்ச். விளக்கு எரியும்போது அதன் அடியில் சூடு பிறக்கும். சூடு அங்கேயே தங்கினால் வெளிச்சம் மங்கும். ஆகவே அது அலுமினிய உடலுக்கு இறங்கி வெளியேற வேண்டும். இத்தனை சிறிய உடலிலிருந்து காற்றுக்குப் போவதைவிட, பிடித்திருக்கும் கைக்குப் போவது சூட்டுக்குச் சுலபம்.

“கிளிப் கொஞ்சம் லூசா இருக்கு சார்,” என்றார் சங்க உறுப்பினர் தாமோதரன், வேதநாயகத்தின் கையில் எரிந்துகொண்டிருந்த டார்ச்சைப் பார்த்து. “எங்கிட்ட இதே மாதிரி பழசு ஒண்ணு இருந்துச்சு. அது ஒரு பெரிய கதை.”

அந்தக் கதையை முழுக்கச் சொன்னார். வேதநாயகம் பிடியை விடவில்லை. தோல் வேகும் வாடை வந்தது. இன்னொரு உறுப்பினரான பொற்கொடி, வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானியைக் குனிந்து பார்த்தார்.

“பத்து நிமிஷமா துளி வெளிச்சம் குறையல. இந்த விலைக்கு அபாரம் சார்!”

எல்லோரும் கைதட்டினார்கள். வேதநாயகம் டார்ச்சிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

“இடது கையிலயும் ஒருதடவை பாத்துடலாமே,” என்றார் பொற்கொடி. “வாங்குறவங்கள்ல இடக்கைக்காரங்களும் இருப்பாங்கல்ல?”