டிக் டிக் சைக்கிள்

எல்லைப் போராட்டத்தில் தமிழர்களை அடித்து நொறுக்கிய போலீஸ் ஏட்டு சோமன், பாறசாலை ராஜதாஸின் சைக்கிள் கடைக்குத் தன் சைக்கிளைக் கொண்டுவந்தார். ராஜதாஸின் தம்பியின் காலை ஒடித்ததும் அவர் லத்திதான்.

ராஜதாஸோ பின்சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரத்தின் கிரீஸெல்லாம் போக மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினான். இறக்கத்தில் மிதிக்காமல் விட்டதும் புதுச் சைக்கிள்போல ‘டிக் டிக்’கென்றது.

சோமனுக்கு வாயெல்லாம் பல். “கொள்ளாமேலே! நீ கெடுத்துப்போடுவேன்னு நெனச்சேன்.”

“மாசாமாசம் கொண்டு வாரும் ஏமானே, கழுவித் தாறேன்.”

அதன்பின் அவர் ராத்திரியில் போராட்டக்காரர்களைத் தேடிப்போன வீடுகளில் பாய்தான் சூடாகக் கிடந்தது, ஆள் இல்லை. கடைசியில் ஏட்டுப் பட்டையைப் பறித்து, ஊர் மாற்றினார்கள்.

புறப்படும் நாளில் கடைமுன் நின்றார். “உன் நொண்டித் தம்பி எங்கலே?”

“இறக்கத்துல காவல் இருக்கான் ஏமானே. நடக்கத்தான் ஒக்காது, காது நல்லா கேக்கும்.”

சோமன் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டு போனார்.

தள்ளினாலும் அது ‘டிக் டிக்’கென்றது.