விரிப்பின் மறுமுனை

துணியை ஒருவனே கல்லில் அடித்துவிடலாம்; கட்டில் விரிப்பை முறுக்கிப் பிழிய இரண்டு பேர் வேண்டும். கூடவே வேலை செய்த மச்சான் ஊருக்குக் கப்பலேறிய பிறகு, சலவைக்காரச் சடையன் ஒரு முனையைக் கயிற்றால் தென்னையில் கட்டி, மறுமுனையைத் தான் பிடித்து முறுக்கினான். ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் ஒவ்வொரு முறுக்குக்கும், "முருகா, ஒரு கை புடிப்பா" என்பான். வெறும் பழக்கம்தான்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, விரிப்பை ஒட்டப் பிழிந்த பிறகுதான் அதைக் கட்ட மறந்தது நினைவுக்கு வந்தது. மறுமுனை இடுப்பு உயரத்தில் நின்றது. அவன் தளர்த்தியதும் அதுவும் தளர்ந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்லை மாற்றிப் பார்த்தான். தென்னைக்குப் பின்னால் போய்த் தேடினான். திசை மாற்றி முறுக்கினான்; மறுமுனையும் திசையை மாற்றிக்கொண்டது. சோறு இறங்கவில்லை. ஆனாலும் விடிவதற்குள் ஆற்றுக்கு ஓடினான், கயிற்றை வீட்டிலேயே போட்டுவிட்டு.

தை மாதத்தில் ஒரு நாள் விரிப்பை நீட்டினான். மறுமுனை தண்ணீரில் விழுந்தது. மறுபடி நீட்டினான், விழுந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்தான். ஆஸ்பத்திரி விரிப்புகள் பதினெட்டும் ஈரம் சொட்டக் கிடந்தன.

பக்கத்துக் கல்லிலிருந்து பிச்சைமுத்து கேட்டான்: "என்னண்ணே, தேர் பாக்கப் போவலையா? பூசத்துக்கு முருகன் காலையிலயே தேரேறி தண்ணிமலைக் கோயிலுக்குப் பொறப்பட்டாச்சே."

சடையனின் கை ஓய்ந்தது. பல நாளுக்குப் பிறகு நிதானமாக மூச்சு விட்டான்.

"கட்டிப் பிழிய கயிறு தரட்டா?"

"வேணாம்லா தம்பி." விரிப்புகளை ஒவ்வொன்றாக மறுபடி கல்லருகே இருந்த தொட்டித் தண்ணீரில் போட்டான். "நாளன்னிக்குத் திரும்பிருவாரு."