ரகசிய எண் கேட்ட குரல்

இணையப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கும் அவளுக்கு, மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது, வாத்தியாரான அவள் கணவரின் குரல்.

"என் போன்ல சார்ஜ் இல்லம்மா. மெயிலைத் திறக்கணும். உன் போனுக்கு ரகசிய எண் வந்திருக்கும், சொல்லு."

நாளைய பரீட்சையின் கேள்வித்தாள் அந்த மெயிலில்தான் இருந்தது. ஏஐ யார் குரலில் வேண்டுமானாலும் பேசும் என்று ஊருக்கே பாடம் எடுப்பவள் அவள்.

"காலையில எதுக்குச் சண்டை போட்டோம், சொல்லுங்க."

"கண்ணாடியை நீதான் எங்கயோ வச்சிட்டேன்னு கத்தினேன். அது என் தலையிலயே இருந்துச்சு. என் தப்புதான், மன்னிச்சுக்கோ."

அவள் போனை வைத்துவிட்டு மெயிலையே பூட்டிவிட்டாள். வீட்டுச் சண்டையைக்கூட ஒட்டுக் கேட்டிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வாத்தியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"பதிலைச் சரியாத்தானே சொன்னேன்? அப்புறம் ஏன் வச்சே? கேள்வித்தாள் முழுக்க மறுபடியும் கையால எழுதினேன்."

"பதில் சரிதாங்க. இருபத்தாறு வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்லையே. அதான் ஏஐன்னு நினைச்சிட்டேன்."

வாத்தியார் தலையிலிருந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அசடு வழிந்தார்.

"இன்னொரு தடவை கேளுங்க," என்றாள் அவள். "நேர்ல சரிபார்த்துக்கறேன்."